லுத்தரின் பிரசங்கங்களில் அன்பு: 1522ஆம் ஆண்டு லெந்திலிருந்து ஒரு தேடல்

மடல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகிற லெந்து (தவக்கால) நாட்களில் எங்கள் சபையின் புதன் மாலை வேதபாட வகுப்பை ஐந்து வாரம் நடத்தும் பொறுப்பு என்மேல் விழுந்திருக்கிறது. நான் போதகர் அல்லன். வங்கி வேலைக்குப் போய்வருகிற சபையார் ஒருவன். பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் பிரசங்கங்களில் அன்பு என்பதைப் பொருளாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, ‘லுத்தர் விசுவாசத்தைப் பற்றிப் பேசியவர், அன்பைப் பற்றிப் பேசியவர் யோவான்’ என்று மூப்பர் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் தேடியே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் தொடங்க நினைக்கும் இடம் 1522 மார்ச். அதற்கு முந்தைய மே மாதத்திலிருந்து லுத்தர் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்தார். அவர் இல்லாத, அவருடைய ஊரான விட்டன்பர்க்கில் சீர்திருத்தம் அவரையும் முந்திக்கொண்டு ஓடியது. 1521 கிறிஸ்துமஸ் நாளில் அவருடைய சக பேராசிரியர் கார்ல்ஸ்டாட் பூசை உடை எதுவும் அணியாமல் திருவிருந்து நடத்தி, அப்பத்தையும் கிண்ணத்தையும் மக்களுக்குக் கொடுத்தார், 1522 ஜனவரி 24 அன்று நகரமன்றம் புதிய ஒழுங்குமுறையை வெளியிட்டது, சொரூபங்கள் உடைபட்டன. சாக்சனி இளவரசர் ஃபிரெட்ரிக் விரும்பாதபோதும் மார்ச் 6 அன்று ஊர் திரும்பிய லுத்தர், 9ஆம் தேதி ஞாயிறு முதல் 16ஆம் தேதி ஞாயிறு வரை நாளுக்கு ஒன்றாக எட்டுப் பிரசங்கங்கள் செய்தார். லெந்தின் முதல் ஞாயிற்றுக்கு உரிய இலத்தீன் பெயரால் இவற்றை இன்வோகாவித் பிரசங்கங்கள் என்பார்கள்.

இவற்றில் என்னை நிறுத்திவைத்த செய்தி ஒன்று உண்டு. செய்யப்பட்ட மாற்றங்களில் பெரும்பாலானவற்றை லுத்தர் தவறு என்று சொல்லவில்லை. காரியம் நல்லதுதான், ஆனால் அவசரம் மிகுந்துவிட்டது, அக்கரையில் இன்னும் நம் சகோதர சகோதரிகள் நிற்கிறார்கள், அவர்களும் வந்துசேர வேண்டும் என்பதே அவர் வாதம். தாய் தன் குழந்தைக்கு முதலில் பாலும், பிறகு கூழும், அதன்பின் முட்டையும் மென்மையான உணவும் கொடுப்பதுபோல், பெலவீனரோடு பெலமுள்ளவர் நடந்துகொள்ள வேண்டும் என்கிறார். அதே முதல் பிரசங்கத்தில் சூரியனுக்கு ஒளி, வெப்பம் என்று இரண்டு இயல்புகள் உண்டு என்றும் சொல்கிறார். ஒளியை எந்த அரசனாலும் வளைக்க முடியாது, அது நேரே வரும். வெப்பத்தையோ திருப்பிவிட முடியும், விலகி நிற்கவும் முடியும். விசுவாசம் ஒளியைப்போல் அசையாது. அன்போ பிறன் தாங்கக்கூடிய அளவுக்கு வளைந்துகொடுக்கும்.

ஏழாம் பிரசங்கம் இன்னும் கூர்மையானது. திருவிருந்தில் தேவனுடைய நன்மைகளையெல்லாம் வாங்கிக்கொள்ள ஆயத்தமாயிருக்கிறீர்கள், அவற்றை அன்பாக வெளியே ஊற்றத்தான் உங்களுக்கு மனமில்லை என்று சபையைக் கடிந்துகொண்டு, தேவனை அன்பு நிறைந்து கனன்றுகொண்டிருக்கும் அடுப்பு என்று வர்ணிக்கிறார். அவர் சொல்வது ரொட்டி சுடும் அடுப்பு. அப்பத்தைக் கையில் வாங்கிவிட்டு வந்து அமர்ந்திருந்தவர்களுக்கு அந்த உவமை எப்படிப் பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

என் கேள்வி இதுதான்: லுத்தரிடம் அன்பு என்பது விசுவாசத்துக்குப் பின்னால் வரும் ஓர் இணைப்பா, அல்லது அவருடைய நெறியின் நடுவிலேயே அதற்கு இடம் உண்டா?

பூசைமணி எழுதியது:

நான் கத்தோலிக்கன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டைக்கு வரவில்லை, உங்கள் மூப்பரின் சிரிப்பில் நியாயம் இருக்கிறது என்று சொல்லவே வந்தேன்.

‘மலைகளைப் பேர்க்கத்தக்கதாக சகல விசுவாசமுள்ளவனாயிருந்தாலும், அன்பு எனக்கிராவிட்டால் நான் ஒன்றுமில்லை’ என்கிறார் பவுல். இதைக்கொண்டுதான் புனித தாமஸ் அக்குவினாஸ், விசுவாசத்துக்கு உயிரும் உருவும் கொடுப்பது அன்பே என்று கற்பித்தார். அன்பினால் உருப்பெறாத விசுவாசம் அறிவளவில் நிற்கும் ஒப்புதல்தான். அது பேய்களுக்கும் உண்டு என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். 1547 ஜனவரியில் எங்கள் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் நீதிமானாக்கப்படுதலை (பாவி தேவனுக்குமுன் நீதிமானாவதை)ப் பற்றி முடிவெடுத்தபோது, நம் இருதயங்களில் ஊற்றப்பட்ட அன்பை நீதிமானாக்கப்படுதலிலிருந்து விலக்கக் கூடாது என்று வலியுறுத்தியதும் இதனால்தான். அன்பே விசுவாசத்துக்கு உருக்கொடுக்கிறது என்ற அக்குவினாஸின் வாய்பாட்டை லுத்தர் எதிர்த்தார். கலாத்தியர் விரிவுரையில், அவர்கள் அன்பைப் பேசுகிற இடத்தில் நாங்கள் விசுவாசத்தைப் பேசுகிறோம் என்றே சொன்னார். அப்படியானால் 1522இன் அழகான உவமைகள் நல்ல மேய்ப்பர் ஒருவரின் அறிவுரை என்பதைத் தாண்டி, அவருடைய இறையியலின் அடித்தளமாக எப்படி ஆகும்? அடித்தளத்திலிருந்து அன்பை அவரே எடுத்துவிட்டாரே.

ஓய்வுபெற்ற உபதேசி எழுதியது:

பூசைமணி அவர்கள் கேட்டிருப்பது சரியான கேள்வி. இதைத் தாண்டிப் போகிற லுத்தரன் போதகர்கள் அதிகம்; நானும் பணியிலிருந்த நாட்களில் பலமுறை தாண்டிப் போயிருக்கிறேன்.

விடையை 1522இல் தேடாமல் நான்கு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1518 ஏப்ரல் 26 அன்று ஹைடல்பெர்க்கில் அகுஸ்தீன் துறவிகள் கூட்டத்தில் லுத்தர் விவாதத்துக்கு வைத்த இறையியல் கூற்றுகள் இருபத்தெட்டு. கடைசிக் கூற்று சொல்வது இது: தேவனுடைய அன்பு தனக்குப் பிரியமானதைத் தேடிக் கண்டடைவதில்லை, அதை உண்டாக்குகிறது, மனிதனுடைய அன்போ தனக்குப் பிரியமானதைக் கண்டபின்பே பிறக்கிறது. அதற்கு அவர் தந்த விளக்கத்தில், பாவிகள் அழகாயிருப்பதால் நேசிக்கப்படுவதில்லை, நேசிக்கப்படுவதால் அழகாகிறார்கள் என்று வருகிறது.

லுத்தர் மறுத்தது எந்த அன்பை என்பது இங்கே தெரியும். நன்மையைக் கண்டு அதை நோக்கி ஏறிச்செல்லும் விருப்பமாக அன்பைப் பார்க்கும் அரிஸ்டாட்டில் வழி மரபில், தேவனை அடையும் ஏணியாக மனித அன்பு ஆகிவிடும் என்று அவர் அஞ்சினார். ஏறுவதற்கு ஏணி வேண்டாம், இறங்கிவந்தவர் இருக்கிறார், அவரைப் பற்றிக்கொள்வதே விசுவாசம் என்பதால், மேல்நோக்கிய திசையில் அன்புக்கு அவர் வேலை வைக்கவில்லை. அந்த அன்பு முழுவதையும் அவர் பக்கவாட்டில், பிறனை நோக்கித் திருப்பிவிட்டார். 1520இல் எழுதிய ‘கிறிஸ்தவனின் சுயாதீனம்’ என்னும் நூலின் முதல் இரு கூற்றுகள் பலருக்கும் தெரியும்: கிறிஸ்தவன் எல்லாவற்றுக்கும் எஜமான், ஒருவருக்கும் அடிமையல்லன், கிறிஸ்தவன் எல்லாருக்கும் ஊழியன், ஒவ்வொருவருக்கும் கீழ்ப்பட்டவன். அந்நூலின் முடிவில், கிறிஸ்தவன் தனக்குள் வாழாமல், விசுவாசத்தினால் கிறிஸ்துவிலும் அன்பினால் பிறனிலும் வாழ்கிறான், விசுவாசத்தினால் தனக்கு மேலே தேவனிடம் ஏறுகிறான், அன்பினால் தனக்குக் கீழே பிறனிடம் இறங்குகிறான் என்று எழுதுகிறார்.

கலாத்தியர் 5:6ஐ நம் தமிழ் வேதாகமம் ‘அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்’ என்று தருகிறது. லுத்தர் அந்த வசனத்தில் ஊன்றி நின்றதும் அதே சொல்லின்மேல்தான். அன்பினால் நீதிமானாக்குகிற விசுவாசம் என்று பவுல் சொல்லவில்லை, அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம் என்றே சொன்னார். அன்பு விசுவாசத்தின் கைக்கருவி என்பது அவர் விளக்கம். ஆகவே பூசைமணி சொன்னது பாதி சரி. இரட்சிப்பின் அடித்தளத்திலிருந்து அன்பை லுத்தர் எடுத்தார். அப்படி எடுத்தது அதை வாழ்க்கை முழுவதும் பரப்புவதற்காக என்பது நான் சேர்க்க விரும்பும் மறுபாதி. நற்கிரியை என் இரட்சிப்புக்குத் தேவைப்படும்வரை, நான் சோறிடும் ஏழை எனக்கு ஒரு படிக்கட்டுதான். அந்தத் தேவை தீர்ந்தபின் அவன் வெறும் ஏழை, நான் வெறும் சோறிடுகிறவன். கணக்கு ஒன்றும் இடையில் இல்லை.

நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் சிறிய ஞானோபதேசத்திலும் (தரங்கம்பாடியில் சீகன்பால்க் தமிழாக்கிய அதே 1529ஆம் ஆண்டு நூல்தான்) இதைக் காணலாம். கொலைசெய்யாதிருப்பாயாக என்ற கட்டளையின் விளக்கம் தீங்கு செய்யாதே என்பதோடு முடியாமல், பிறனுடைய சரீரத் தேவைகளிலெல்லாம் அவனுக்கு உதவ வேண்டும் என்று போகிறது. பொய்ச்சாட்சிக் கட்டளையில், பிறனைப் பற்றி நல்லதையே பேசி, அவன் செய்கைகளுக்கு நல்ல அர்த்தமே கொள்ள வேண்டும் என்கிறார். இதை எழுதியவர் தன் எதிரிகளைப் பற்றி எழுதியவற்றைப் படித்தால் சிரிப்பு வரும் என்பது வேறு விஷயம்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

ஐயா அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. நான் ஒரு சபையின் பொருளாளராக இருந்து மூன்று முறை தணிக்கையாளரிடம் மாட்டியவன் என்பதால், அன்பு எப்படிக் கணக்கேட்டுக்கு வருகிறது என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

சாக்சனியில் லைஸ்னிக் என்ற சிறு நகரம் 1523இல் பொதுப்பெட்டி ஒழுங்கு ஒன்றை வகுத்தது. லுத்தர் அதற்கு முன்னுரை எழுதி அச்சிடச் செய்தார். அதன்படி பத்து நிர்வாகிகள்: மேன்மக்களில் இருவர், நகரமன்றத்தில் இருவர், நகரத்துப் பொதுமக்களில் மூவர், சுற்றுவட்டார விவசாயிகளில் மூவர். பெட்டிக்கு நான்கு பூட்டுகள். ஒவ்வொரு தரப்பிடமும் ஒரு சாவி. நால்வரும் கூடாமல் பெட்டி திறக்காது. ஞாயிறுதோறும் நிர்வாகிகள் கூட வேண்டும், ஆண்டுக்கு மூன்று முறை சபை முழுவதன் முன்னும் கணக்கு வைக்க வேண்டும். போதகரின் சம்பளம், ஆண்பிள்ளைகளின் பள்ளி, பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பெண்ணின் ஊதியம், அநாதைகள், முதியோர், பஞ்சகாலத்துக்குத் தானியச் சேமிப்பு ஆகிய எல்லாம் அதிலிருந்தே. தொழில் நொடித்த கைவினைஞருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். உழைத்தும் திருப்பித்தர இயலாதவருக்கு அதைத் தேவனுக்காக விட்டுவிடலாம். பெட்டியில் போதாவிட்டால் வீடுதோறும் வரி. பிச்சையெடுப்பதற்குத் தடை.

இந்தத் தடையைக் கடுமை என்று இன்றைய வாசகர் நினைக்கக்கூடும். ஆனால் பிச்சையிடுதல் புண்ணியம் சேர்க்கும் வழியாக இருந்த சமூகத்தில், பிச்சைக்காரர் இருப்பது கொடுப்பவருக்குத் தேவையாயிருந்தது. ஐயா சொன்ன படிக்கட்டை எடுத்துவிட்டால், வறுமையை வைத்துக்கொள்வதற்கு யாருக்கும் காரணம் இல்லை. அதைத் தீர்ப்பது ஊரின் பொறுப்பாகிவிடுகிறது. நான்கு பூட்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த இறையியல். மனிதரை நம்பாத அன்பு அது.

திட்டம் நடந்ததா என்று கேட்டால், நகரமன்றம் தன் கையிலிருந்த நிதிகளை ஒப்படைக்க மறுத்ததால் பெரிதும் தடைபட்டது; லுத்தர் மனம் நொந்தார். ஆனால் அதே மாதிரி பொதுப்பெட்டிகள் லுத்தரன் நகரங்களில் பின்னர் பரவின.

பூசைமணி எழுதியது:

உபதேசி ஐயாவின் பதில் என் கேள்வியை இடம்மாற்றிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் எங்கள் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டதற்கும் இப்படிப்பட்ட வாசிப்பு உதவியிருக்கும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: பிச்சை பற்றிக் கணக்கப்பிள்ளை சொன்னது சற்று எளிமைப்படுத்தல். கத்தோலிக்கராகவே இருந்த ஈப்ர நகரமும் 1525இல் பிச்சையைத் தடைசெய்து பொதுநிதி அமைத்தது. காலத்தின் தேவை இரு பக்கத்தாரையும் ஒரே திசையில் தள்ளியது.

கணக்கப்பிள்ளை எழுதியது:

ஈப்ர விஷயம் சரி. என் வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன், பூட்டுகளைத் திருத்தமாட்டேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இதுவரை எல்லாரும் லுத்தரின் நல்ல ஆண்டுகளிலேயே நடந்துகொண்டிருக்கிறீர்கள். நான் வரலாறு படிப்பவள். அன்பு என்ற சொல்லை அவர் எங்கெல்லாம் பயன்படுத்தினார் என்று பார்க்காமல் அவருடைய அன்பு நெறியை மதிப்பிட முடியாது என்பது என் எண்ணம்.

1525 மே மாதம் விவசாயிகளின் எழுச்சிக்கு எதிராக அவர் எழுதிய துண்டுநூலில் குத்துங்கள், அடியுங்கள், கொல்லுங்கள் என்று பிரபுக்களைத் தூண்டியது அனைவரும் அறிந்ததே. கடுஞ்சினத்தில் எழுதியது, அவருடைய இறையியலோடு தொடர்பில்லாதது என்று சபைகளில் அதைக் கடந்துபோகிறார்கள். அந்த வரிகளை அடுத்து வருவதைப் படியுங்கள். இதில் நீ இறந்தால் உனக்கு நல்லது, இதைவிடப் பாக்கியமான மரணம் உனக்குக் கிடைக்காது, ஏனெனில் ரோமர் 13இன் (அதிகாரத்துக்கு வாளைக் கொடுக்கும் பகுதி) வார்த்தைக்குக் கீழ்ப்படிந்தும், நரகத்தின் கட்டுகளிலிருந்து உன் பிறனை விடுவிக்கும் அன்பின் ஊழியத்திலும் நீ சாகிறாய் என்கிறார். அன்பின் ஊழியம்! 1520ஆம் ஆண்டு நூலின் நடுநாயகமான எண்ணம், ஆயிரக்கணக்கான விவசாயிகள் வெட்டிச் சாய்க்கப்பட்ட ஃபிராங்கன்ஹவுசன் சண்டை நடந்த அதே மாதத்தில், கொலைக்கு ஆசீர்வாதமாக வருகிறது.

இது திடீரென்று வந்த சொல்லும் அல்ல. உலக அதிகாரத்தைப் பற்றி 1523இல் எழுதிய நூலில் கிறிஸ்தவன் தனக்காக வாளெடுக்கக் கூடாது, அடித்தால் மறுகன்னத்தைக் காட்ட வேண்டும், ஆனால் பிறனைக் காப்பதற்காக வாளெடுக்கலாம், அது அன்பின் கிரியை என்று வகுத்துவிட்டார். ஊரில் தூக்கிலிடுகிறவனுக்கு ஆள் குறைந்தால், தகுதியுள்ளவன் அந்த வேலைக்குத் தன்னைக் கொடுக்க வேண்டும் என்று அங்கேயே எழுதினார். போர்வீரரைப் பற்றி 1526இல் எழுதியதில், உடலைக் காக்கக் கையை வெட்டும் மருத்துவனின் செயலுக்குப் போரை ஒப்பிட்டார்.

ஆகவே மடல்வாசி அவர்களே, வளைந்துகொடுக்கும் வெப்பம் என்ற உவமை எனக்கும் பிடிக்கிறது. ஆனால் அந்த வெப்பத்தை யார் பக்கம் திருப்புவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

ஓய்வுபெற்ற உபதேசி எழுதியது:

சகோதரி சொன்ன வரிகளை நான் மறுக்கப்போவதில்லை. அந்த வாதத்தின் அமைப்பை மட்டும் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

1522இல் லுத்தருக்கு முன்னால் இரண்டு பேர்தான்: பெலமுள்ள நானும் பெலவீனனான என் பிறனும். விட்டுக்கொடுக்க வேண்டியது என்னுடைய உரிமை, நஷ்டமும் என்னுடையது. இந்த அமைப்பில் அன்பு தவறிப்போவது கடினம், ஏனென்றால் விலை கொடுப்பவன் நானே. 1523இல் மூன்றாவது ஆள் வந்துவிடுகிறார். என் பிறனை இன்னொரு பிறன் தாக்குகிறான், யாரை நேசிப்பது? இந்தக் கேள்வியை மலைப்பிரசங்கத்தை வாசிக்கிற ஒவ்வொருவரும் சந்தித்தே ஆக வேண்டும். விட்டுக்கொடுத்தலை மட்டும் பேசுகிறவர், அடிபடுகிற பிள்ளையின் முன் கைகட்டி நிற்கிறவராகிவிடுவார். லுத்தர் கேள்வியைச் சரியாகக் கேட்டார். விடையில் தாக்குகிறவனும் பிறன்தான் என்பதை 1525இல் மறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் எழுதிய சமாதானப் புத்திமதியில் பிரபுக்களைக் கடுமையாகக் கண்டித்து, விவசாயிகளின் கோரிக்கைகளில் சிலவற்றை நியாயமானவை என்று ஒத்துக்கொண்டவர், மே மாதத்தில் அவர்களுடைய முகத்தைக் காணாமற்போனார். ஜூலையில் அந்தக் கடும் நூலுக்கு எழுதிய விளக்கத்திலும் அவர் பின்வாங்கவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மூன்றாவது ஆள் என்ற பகுப்பு 1525க்குப் பொருந்துகிறது, ஏற்றுக்கொள்கிறேன். 1543க்குப் பொருந்தவில்லை, ஐயா.

யூதர்களைப் பற்றி 1523இல் எழுதியபோது, போப்பின் சட்டத்தால் அவர்களை நடத்தாமல் கிறிஸ்தவ அன்பின் சட்டத்தால் நடத்துங்கள், நம்மிடையே வேலைசெய்யவும் பிழைக்கவும் விடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். அக்காலத்தில் அப்படி எழுதியவர்கள் குறைவு. ஆனால் அந்த அன்புக்கு ஓர் எதிர்பார்ப்பு இருந்தது: அவர்கள் மனந்திரும்புவார்கள் என்பது. திரும்பவில்லை. சாக்சனியிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டபின், 1537இல் யூதர்களின் பிரதிநிதியான ரோஸ்ஹைம் ஊர் யோசெல், தங்களுக்காகப் பரிந்துபேசக் கேட்டபோது லுத்தர் மறுத்துவிட்டார். 1543இல் ஜெபாலயங்களைக் கொளுத்துங்கள், வீடுகளை இடியுங்கள், ஜெபநூல்களைப் பறியுங்கள், ரபிகள் போதிப்பதைத் தடுங்கள், பாதுகாப்பான பயணத்தை மறுங்கள் என்று பட்டியலிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘கூரிய இரக்கம்’. எரிகிற நெருப்பிலிருந்து சிலரையாவது மீட்க முடியுமா என்று பார்ப்பதற்காகவாம்.

இங்கே காப்பாற்றப்பட வேண்டிய மூன்றாவது ஆள் இல்லை. வீடு இடிக்கப்படுகிறவரே நேசிக்கப்படுகிறவராகவும் சொல்லப்படுகிறார். உபதேசி ஐயா மேலே எடுத்துக்காட்டிய ஹைடல்பெர்க் கூற்றை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரியமானதைத் தேடாமல் உண்டாக்குவது தேவ அன்பு என்றார். மனிதர்கள் அந்த அன்பின் வழிகளாக ஆகிறார்கள் என்றும் கற்பித்தார். உண்டாக்குகிற வேலையை மனிதன் தன் கையில் எடுத்துக்கொண்டால், பிறன் என்னவாக ஆகவேண்டும் என்பது நேசிக்கிறவனுக்கே தெரிந்ததாகிவிடுகிறது. பிறன் அதை மறுத்தால் அந்த மறுப்பே அவன் நோயாகிறது. லுத்தருடைய அன்பு நெறியின் பெலவீனம் அவருடைய கோபத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. அது அந்த அழகான இருபத்தெட்டாம் கூற்றுக்கு மிக அருகில் இருக்கிறது.

நெறியாளர் எழுதியது:

நீக்கப்பட்ட இரண்டு பதிவுகள் இன்றைய அரசியல் கட்சிகளைப் பற்றியவை. இழை பதினாறாம் நூற்றாண்டிலேயே இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற உபதேசி எழுதியது:

சகோதரியின் கடைசி வாக்கியத்தோடு இரண்டு நாளாகப் போராடிக்கொண்டிருக்கிறேன். முழுவதும் ஏற்க மனம் வரவில்லை. அந்தக் கூற்றில் உண்டாக்குகிறவர் தேவன் மட்டுமே. அதை மனிதன் கையில் எடுப்பதைத்தான் லுத்தர் 1522இல் கண்டித்தார். நான் பிரசங்கிப்பேன், எழுதுவேன், ஒருவரையும் பலவந்தம் செய்யமாட்டேன், நான் தூங்கும்போதும் நண்பர்களான பிலிப் மெலாங்தனோடும் ஆம்ஸ்டார்ஃபோடும் விட்டன்பர்க் பீர் குடித்துக்கொண்டிருந்தபோதும் வசனமே எல்லாவற்றையும் செய்தது என்று இரண்டாம் பிரசங்கத்தில் சொன்னவர் அவர்தான். 1543இன் லுத்தரை மறுக்க எனக்கு வெளியே போகத் தேவையில்லை. 1522இன் லுத்தர் போதும். அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1994இல் அந்த எழுத்துகளை வெளிப்படையாக நிராகரித்தபோதும் லுத்தரன் என்ற பெயரை விட்டுவிடவில்லை.

ஆனால் ஹைடல்பெர்க் கூட்டத்தில் லுத்தரைக் கேட்டு மனம் மாறிய இளம் தொமினிக்கன் துறவி மார்ட்டின் பூசரை நினைக்கும்போது எனக்குத் தடுமாற்றம் வருகிறது. அவர் 1523இல் ஸ்ட்ராஸ்பர்க்கில், ஒருவனும் தனக்காக அல்ல, பிறருக்காக வாழவேண்டும் என்பதையே தலைப்பாக வைத்து ஒரு சிறுநூல் எழுதினார். 1529 அக்டோபரில் லுத்தரும் சூரிச் சீர்திருத்தவாதி ஸ்விங்ளியும் சந்தித்த மார்பர்க் சந்திப்பில் பதினைந்து கூறுகளில் பதினான்கில் உடன்பாடு; திருவிருந்தில் கிறிஸ்துவின் சரீரம் இருக்கும் விதத்தில் மட்டும் இல்லை. ஸ்விங்ளியையும் பூசரையும் சகோதரர் என்று ஏற்க லுத்தர் மறுத்து, உங்கள் ஆவியும் எங்கள் ஆவியும் பொருந்தவில்லை என்று பூசரிடம் சொன்னார். விசுவாசத்தின் உபதேசத்தை இழந்து காக்கப்படும் அன்பு சபிக்கப்பட்டது என்று பின்னாளில் கலாத்தியர் விரிவுரையில் வருவது இதே மனநிலைதான். ஒளி வளையாது என்ற உவமையின் மறுபக்கம் அது. எதெல்லாம் ஒளி, எதெல்லாம் வெப்பம் என்று பிரிப்பதும் லுத்தரே. 1536இல் விட்டன்பர்க் உடன்படிக்கையில் பூசர் மறுபடியும் வந்து கைகொடுத்தார். வளைந்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மடல்வாசி எழுதியது:

ஒரு மூப்பரின் சிரிப்புக்குப் பதில் தேடி வந்தவன், இப்போது ஐந்து வாரம் போதாது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். நான்கு வாரங்களை ஏறக்குறைய முடிவுசெய்திருக்கிறேன்: ஹைடல்பெர்க், இன்வோகாவித், லைஸ்னிக், 1525. ஐந்தாம் வாரத்துக்கு 1527ஆம் ஆண்டு கொள்ளைநோயை வைத்திருந்தேன். அந்த ஆகஸ்டில் பல்கலைக்கழகம் யேனாவுக்கு இடம்மாறியபோதும் லுத்தர், கர்ப்பிணியான மனைவி கத்தரீனாவோடும் நகரப் போதகர் பூகன்ஹாகனோடும் விட்டன்பர்க்கிலேயே தங்கினார்; வீடே மருத்துவமனையாயிற்று. பிரெஸ்லாவ் போதகர் யோகான் ஹெஸ் கேட்டதற்காக, கொள்ளைநோய்க்குத் தப்பியோடலாமா என்பதற்கு அவர் எழுதிய பதிலில் வீரவசனம் இல்லை. போதகரும் நகர அதிகாரிகளும் ஓடக் கூடாது. மற்றவர், தம்மை நம்பியிருப்பவருக்கு வேறு ஆள் இருந்தால் போகலாம். மருந்து சாப்பிடு, வீட்டுக்கும் தெருவுக்கும் புகைபோடு, உன் பிறனுக்கு நீ தேவைப்படாத இடத்தையும் ஆளையும் தவிர். தேவைப்பட்டால் தயங்காமல் போ. நோயை மறைத்துப் பிறருக்குப் பரப்புகிறவன் கொலைகாரன். அங்கே தேவையைச் சொல்கிறவர் படுக்கையிலிருக்கும் நோயாளி, நேசிக்கிறவர் அல்லர். சகோதரியின் கேள்விக்கு இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இருக்கிறது. அந்தக் கடிதத்தை நானும் கொடுத்திருப்பேன். ஆனால் ஐந்தாம் வாரத்தில் அது மட்டும் வேண்டாம். 1546 பிப்ரவரி 15 அன்று ஐஸ்லேபனில் செய்த கடைசிப் பிரசங்கத்தோடு சேர்ந்த எச்சரிப்பையும் வாசியுங்கள். யூதர்களிடம் கிறிஸ்தவ அன்பைக் காட்டி, அவர்கள் மனந்திரும்ப ஜெபிப்போம் என்கிறார். மறுத்தால் அவர்களைச் சகிக்கக் கூடாது என்றும் அதே மூச்சில் சொல்கிறார். மூன்று நாள் கழித்து அதே ஊரில் இறந்தார்.

மடல்வாசி எழுதியது:

இரண்டையும் வைக்கிறேன். கொள்ளைநோய்க் கடிதத்தின் பகுதிகளை நானே தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். ஐஸ்லேபன் எச்சரிப்பு என்னிடம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அது உதவாது. சகோதரி, ஒரு பக்க அளவுக்கு நேரடியாக மூலத்திலிருந்து தமிழாக்கித் தர முடியுமா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். அன்பு என்று அவர் சொன்ன இடத்தில் அன்பு என்றே போடுவேன்; மெருகேற்றமாட்டேன்.